கடலூர்க் கரையும் கள்ளக்காசும்: நாணயச் சோதனையின் வரலாறு

தென்பெண்ணைக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் ஈராயிரம் ஆண்டுகளாகப் பல நாட்டுக் காசுகள் கைமாறி வந்துள்ளன. கடலூருக்குத் தெற்கே காரைக்காட்டில் நடந்த அகழாய்வு, ரோமானிய வணிகத்தோடு இக்கரைக்கு இருந்த தொடர்பைக் காட்டியது. பெண்ணையாற்றின் மேற்பகுதியில், திருக்கோவிலூரை ஒட்டிய ஆற்று மணலில், குதிரை உருவம் பொறித்த மலையமான் செப்புக் காசுகள் கிடைத்தன. சிதம்பரத்துக்கு அருகே உள்ள பரங்கிப்பேட்டையின் பெயரால் ஒருவகைத் தங்க வராகனே வழங்கியது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் முதலில் டச்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் கடை விரித்தனர். வடக்கே ஒரு நடைத் தொலைவில் புதுச்சேரியின் பிரெஞ்சு அக்கசாலை இருந்தது. இத்தனை காசுகள் ஒரே சந்தையில் புழங்கியதால், எது நல்ல காசு, எது கள்ளக்காசு என்று பிரித்தறிவது இங்கு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

அந்தத் தொழிலின் அடிப்படை நான்கு: எடை, மாற்று, ஓசை, அச்சு. காசைக் கையில் வாங்கி நிறுத்து, உரைத்து, தட்டி, உற்றுப் பார்த்த பிறகே அதற்குப் பணம் கொடுத்தார்கள். இணைய ஏலத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பணம் முதலில் போகிறது. காசு பிறகு வருகிறது. இன்றைய பழங்காசு மோசடிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

வண்ணக்கரும் ஆணியும்

சங்க காலத்தில் நாணயச் சோதகனுக்கு வண்ணக்கன் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் போன்ற புலவர் பெயர்களில் அந்தத் தொழில் அடையாளமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் ரூபதர்சகன் என்னும் நாணயச் சோதனை அதிகாரியைப் பற்றிப் பேசுகிறது. கள்ளக்காசு அடிப்பவனைக் குற்றவாளியாக வகைப்படுத்துகிறது.

அக்காலத்தில் தமிழகத்துக்கு வந்த அயல்நாட்டு வெள்ளியில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய ரோமப் பேரரசர்களின் தெனாரியஸ் காசுகளே மிகுதி. கி.பி. 64-இல் நீரோ வெள்ளியின் தரத்தைக் குறைத்தார். அதனால் அதற்கு முந்தைய காசுகளுக்கு இந்தியச் சந்தையில் மதிப்பு நிலைத்தது. மதிப்புள்ள காசுக்குப் போலியும் தோன்றியது. இவ்வகைத் தெனாரியஸைப் பார்த்து இந்தியாவிலேயே செய்த போலிகள், உண்மைக் காசுகளோடு சேர்ந்து கிடைத்துள்ளன.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மீது, அரசனின் தலையைக் குறுக்கே பிளப்பதுபோல் உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. காசாகப் புழங்கவிடாமல் வெறும் பொன்னாக மாற்றுவதற்கான அரச நடவடிக்கை என்பது இன்னொரு கருத்து. எதுவாயினும், வந்த காசை அதன் முகத்தை மட்டும் நம்பி இங்கே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது தெளிவு.

சோழர் காலத்தில் இந்த எச்சரிக்கை ஆவண நடையிலேயே இடம்பெற்றது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பொன்னணிகளை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்துக் குறிப்பிடுகின்றன. தில்லைக் கூத்தனின் பெயரே அரசாங்க எடைக்கல்லுக்கும் பெயராயிற்று. பொன்னின் தரத்தைத் 'தண்டவாணி' என்னும் தர அளவோடு ஒப்பிட்டு, அதைவிட எவ்வளவு குறைவு என்றும் அதே கல்வெட்டுகள் எழுதிவைக்கின்றன. நில விற்பனை ஆவணங்களில் 'அன்றாடு நற்காசு' என்று, அன்றைக்குச் செலாவணியில் உள்ள நல்ல காசாகவே தர வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. எடையும் மாற்றும் எழுத்தில் பதிவாகாத பொன்னுக்குப் பேரேட்டில் இடமில்லை.

வராகனும் சராப்பும்

1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் விலையில் அடக்கம். அவை பின்னர் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இந்தக் கோட்டையே இருந்தது. 1752 வரை அந்நிலை நீடித்தது. துணி வாங்கவும் படைக்குச் சம்பளம் கொடுக்கவும் பெரும் பணம் இந்தக் கரையில் புரண்ட காலம் அது.

அந்தப் பணம் ஒரே வகையாக இல்லை. பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு வராகன்; அதற்குக் கீழே பணம், காசு. சென்னைக் கணக்கில் 42 பணம் ஒரு வராகன். 80 காசு ஒரு பணம். எனவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. வராகனிலும் வகை பல. நின்ற திருமாலை மட்டும் பொறித்தது ஒன்று. இரு தேவியரோடு பொறித்த மூன்று சாமி வராகன் ஒன்று. பின்புறத்தில் நட்சத்திரம் பொறித்த புள்ளி வராகன் ஒன்று. பரங்கிப்பேட்டை வராகன் ஒன்று. உருவம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தங்கத்தின் மாற்று மட்டும் வேறுபடும். ஆகவே பரங்கிப்பேட்டை வராகனையும் புள்ளி வராகனையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொண்டவர் நட்டப்பட்டார்.

வெள்ளியில் ஆற்காட்டு ரூபாய் செலாவணியில் இருந்தது. ஆற்காட்டு நவாபிடம் அனுமதி பெற்று 1736-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும், 1742-இல் சென்னையில் ஆங்கிலேயரும் அதை அடிக்கத் தொடங்கினர். மொகலாயப் பேரரசர் பெயரில், பாரசீக எழுத்தில், ஐரோப்பியக் கம்பெனிகள் அடித்த காசு அது. பிரெஞ்சு ரூபாயில் பிறைக்குறியும், ஆங்கிலேயர் ரூபாயில் தாமரைக் குறியும் வேறுபாட்டைக் காட்டின.

இந்தக் குழப்பத்தில் கடைத்தெருவை நடத்தியவர்கள் காசு சோதித்து மாற்றித் தந்த சராப்புகள். சராப்பின் பலகையில் சிறு தராசு, உரைகல், மாற்றுத் தெரிந்த பொன்முனை கொண்ட உரையாணிகள், சிற்றுளி ஆகியவை இருக்கும். காசைக் கல்லில் போட்டு ஓசை கேட்பார். வெள்ளி நீண்டு ஒலிக்கும், ஈயம் கலந்தது மொட்டென்று அடங்கிவிடும். பிறகு எடை பார்ப்பார். பொன்னானால் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்திலேயே உரையாணியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவார். ஐயம் எழுந்தால் ஓரத்தில் சிற்றுளியால் கொத்திப் பார்ப்பார். தேறிய காசில் தம் முத்திரையைச் சிறு புள்ளியாகவோ வடிவமாகவோ பதிப்பார். தேய்ந்த காசுக்கும் அயலூர்க் காசுக்கும் வட்டம் கழித்துக்கொள்வார். அதுவே அவருக்கு வருமானம்.

சராப்பு முத்திரை விழுந்த காசு அன்று நம்பிக்கைக்கு உரியது. இன்றைய சேகரிப்பாளர் சந்தையில் அதே முத்திரை காசின் அழகைக் கெடுத்து விலையைக் குறைக்கிறது. அதனால் சிலர் முத்திரைப் பள்ளத்தை உலோகத்தால் நிரப்பித் தேய்த்துவிடுகிறார்கள். அசல் காசைத் திருத்தி விற்கும் வழக்கத்தில் இது ஒரு வகை.

காசுச் சேகரிப்பும் புதிய போலியும்

1818-இல் சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு ரூபாய்க்கு மாறியது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குத் தீர்க்கப்பட்டது. 1835-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை நிறுவியது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எல்லாக் காசும் இயந்திரத்தில் ஒரே அளவில் வந்ததால் சராப்பின் சோதனைத் தொழில் மெல்ல மறைந்தது.

செலாவணியிலிருந்து போன காசுகள் சேகரிப்பாளர் கைக்குச் சென்றன. வால்டர் எலியட்டின் தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூல் 1886-இலும், சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் கம்பெனிக் காசு வரலாறு 1890-இலும் வந்தன. 1878-இல் புதையல் சட்டம் இயற்றப்பட்டது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் தர வேண்டும் என்று அது விதித்தது. தென்னார்க்காட்டில் அந்தத் தகவல் போய்ச் சேர வேண்டிய இடம் கடலூர் மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் அலுவலகம். நிலத்தில் கிடைத்த குடம், அதிலிருந்த காசுகள், எண்ணிக்கை, எடை ஆகியவை பதிவாகி, பின்னர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. காசின் பிறப்பிடம் ஆவணத்தில் ஏறியதால், அந்தக் காசுகள் பிற்காலத்தில் போலியைக் கண்டுபிடிக்க உதவும் அளவுகோல்களாயின.

சேகரிப்பாளரை ஏமாற்றும் போலி, சந்தையை ஏமாற்றும் போலியிலிருந்து வேறுபட்டது. கள்ளக்காசு அடித்தவன் வெள்ளியை மிச்சம்பிடித்தான். சேகரிப்பாளருக்காகப் போலி செய்பவன் நல்ல வெள்ளியையே போட்டுப் பழமையைப் பொய்யாக்குகிறான். ஐரோப்பாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் பாதுவா நகரத்து ஜொவான்னி தா கவினோ, ரோமானியப் பதக்கக் காசுகளை நகலெடுத்தார். ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830) பழங்காசு அச்சுகளைத் தாமே வெட்டி, அடித்த காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு வண்டியில் கட்டி ஓட்டி, புதுப் பளபளப்பைப் போக்கினார். உலோகம் சரி, எடை சரி என்றான பிறகு, செய்முறையும் வரலாறுமே காசைக் காட்டிக்கொடுக்கும் சான்றுகளாக மிஞ்சின.

இணைய ஏலத்தில் நடக்கும் ஐந்து ஏமாற்றுகள்

முதலாவது, எப்போதுமே வெளியிடப்படாத காசு. '1818' என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் ஒருபுறம், இராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ மறுபுறம் கொண்ட 'அரை அணா', 'ஒரு அணா' வில்லைகள் லட்சக்கணக்கில் விலை சொல்லி விற்கப்படுகின்றன. கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. கோயில்களில் வழங்கிய இராமடங்கா என்னும் பக்தி வில்லைகளைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்தவை இவை. 'அரிசியை இழுக்கும் செம்பு' என்று சொல்லி நடக்கும் மோசடியிலும் இவ்வகை வில்லைகள் வருவதுண்டு.

இரண்டாவது, வார்ப்பு. அசல் காசை அச்சாக்கி, அதில் உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்வது. மலையமான் காசு, எழுத்துப் பொறித்த சேரர் காசு போன்ற சங்ககாலக் காசுகள் சிறியவை, தேய்ந்தவை. வார்ப்பில் நுணுக்கம் மழுங்கினாலும் 'பழசு அப்படித்தான் இருக்கும்' என்று வாங்குபவரே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். ஆற்றில் எடுத்தது என்ற கதையும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது, ஆண்டைத் திருத்துவது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939 வெள்ளி ரூபாய் மிக அரிது. 1940-இல் ரூபாயின் வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டதால், பழைய தரத்தில் அடித்த 1939 ரூபாய் மிகக் குறைவாகவே வெளிவந்தது. 1938 ரூபாய் அவ்வளவு அரிதன்று. கடைசி 8-ஐச் செதுக்கி 9 ஆக்கினால் விலை பல மடங்காகிறது.

நான்காவது, அசல் காசுக்குப் பொய் வரலாறு. சென்னை அக்கசாலை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த ரூபாய்களிலும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையே வைத்திருந்தது. அது கி.பி. 1758-59. அந்த ஆண்டை நம்பி '250 ஆண்டுப் பழமை' என்று விற்பவர், தெரிந்தோ தெரியாமலோ அரை நூற்றாண்டைக் கூட்டிவிடுகிறார். 1808 என்ற ஆண்டுள்ள 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களும் அப்படியே. அவை பர்மிங்ஹாமில் அடிக்கப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலோடு கடலுக்குள் போனவை. 1980-களில் லட்சக்கணக்கில் மீட்கப்பட்டதால் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. 'கடலூர்ப் புதையல்' என்ற பெயரில் அவற்றுக்குப் பெருவிலை கேட்பவர்கள், காசை அல்ல, கதையை விற்கிறார்கள். 2012-இல் வெளிவந்த மாதா வைஷ்ணோ தேவி 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களுக்கு லட்சங்கள் கிடைக்கும் என்னும் விளம்பரமும் இந்த வகையே.

ஐந்தாவது, காசே இல்லாத ஏலம். உங்களிடம் உள்ள பழைய காசை லட்சங்களுக்கு வாங்குகிறோம், முன்பணமாக வரியும் கமிஷனும் கட்டுங்கள் என்று கேட்பது. ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்தியதால், அத்தகைய பரிவர்த்தனைகளில் தனக்குத் தொடர்பில்லை, எந்தக் கட்டணமும் வசூலிப்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அவ்வங்கி பொதுமக்களை எச்சரித்தது.

இன்றைய சோதனை முறைகள்

சராப்பின் நான்கு சோதனைகளும் இன்றும் செல்லும், கருவிகள்தான் மாறியுள்ளன. முதல் சோதனை எடை. நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு மின்தராசு போதும். புழங்கித் தேய்ந்த ரூபாய் 11.66 கிராமுக்குச் சற்றுக் குறையலாம். கூடினால் ஐயப்பட வேண்டும்.

எடை சரியாக இருந்தால் அடர்த்தி பார்க்க வேண்டும். தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்குமாறும் அடியைத் தொடாதவாறும் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 1835 முதல் 1939 வரையிலான நல்ல வெள்ளி ரூபாய்க்குத் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும், அடர்த்தி 10.3. அதே எடையில் ஜெர்மன் சில்வர் எனப்படும் செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையில் செய்த போலிக்கு 1.35 கிராம் அளவில் காட்டும், அடர்த்தி 8.6 அளவில் நின்றுவிடும். காசுக்குச் சேதமில்லாமல் உரைகல்லின் வேலையை இது செய்துவிடுகிறது. ஊடுகதிர் உமிழ்வால் உலோகக் கலவையைக் காட்டும் கருவி பல நகைக்கடைகளில் உண்டு. ஆனால் அது மேற்பரப்பையே முதன்மையாகப் படிப்பதால், கெட்டியாக முலாம் பூசிய காசில் ஏமாந்துவிடும்.

மூன்றாவது, செய்முறையின் தடம். அச்சில் அடிபட்ட காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக எழும்பி நிற்கும். பரப்பு இறுக்கமாக இருக்கும். வார்ப்பில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வழியே பார்த்தால் ஊசிமுனைக் குழிகளும் காற்றுக் குமிழ் விட்ட மணிகளும் தெரியும். விளிம்பைச் சுற்றிவந்தால் இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த கோடு, அல்லது அந்தக் கோட்டை அரத்தால் தேய்த்த தடம் அகப்படும். சென்னை அக்கசாலை ஸ்பானிய வெள்ளி டாலர்களின் மீதே அடித்த அரை வராகனில், கோபுரத்துக்கும் திருமாலுக்கும் அடியில் பழைய ஸ்பானிய எழுத்தின் மங்கிய தடம் சில காசுகளில் மிஞ்சியிருக்கும். பார்ப்பவருக்குக் குறையாகத் தோன்றும் அந்தத் தடம் அசலுக்குச் சாதகமான சான்று.

ஆண்டு திருத்தப்பட்டதா என்பதை அறிய, சந்தேகத்துக்குரிய எண்ணைச் சுற்றியுள்ள சமதளத்தைப் பார்க்க வேண்டும். செதுக்கிய இடத்தில் பரப்பு சற்றுத் தாழ்ந்தோ வேறு பளபளப்போடோ இருக்கும். 1939 ரூபாயில் 9 இரண்டு முறை வருகிறது. முதல் 9-இன் வளைவையும் உயரத்தையும் கடைசி 9-உடன் ஒப்பிட்டால் திருத்திய எண் தனித்து நிற்கும். வரலாற்று அறிவும் இங்கே உதவும். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் மன்னர் அணிந்த மாலையிலுள்ள யானை பன்றிபோல் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. அதை 1912-இல் திருத்தினார்கள். 1911 என்ற ஆண்டும் திருத்திய யானையும் ஒரே ரூபாயில் இருந்தால் ஆண்டு மாற்றப்பட்டுள்ளது.

நான்காவது, படத்தைப் படிப்பது. விளிம்பைக் காட்டாத படம், எடை குறிப்பிடாத விவரம், சாய்த்து எடுத்த ஒளிப்படம் ஆகியவை விற்பவர் மறைப்பதைச் சொல்கின்றன. ஒரே கீறல் ஒரே இடத்தில் இரண்டு 'வெவ்வேறு' காசுகளில் இருந்தால், இரண்டும் ஒரு தாய்க்காசிலிருந்து வார்த்தவை. பழைய ஏலப் பட்டியல்களில் உள்ள படத்தோடு ஒப்பிட்டால், விற்பவர் பிறர் காசின் படத்தைத் தம்முடையதாகப் போட்டிருப்பதும் வெளிப்படும். தர நிறுவனங்கள் முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைகளையே போலி செய்வதும் நடப்பதால், உறையின் எண்ணை அந்நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள படத்தோடு சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் வாங்குபவரும்

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், இந்திய அரசின் அதிகாரத்தால் அடித்த நாணயம் செலாவணியிலிருந்து போன பிறகும் இந்திய நாணயமே என்று வரையறுத்து, ஃபரூக்காபாத் ரூபாயை அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. போலியை அசல் என்று விற்பது அதன் 318-ஆம் பிரிவின்படி ஏமாற்றுக் குற்றம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது; அத்தகைய பொருளை வாணிகமாக விற்க உரிமம் வேண்டும். 'எங்கள் வயலில் தோண்டி எடுத்தது' என்று ஏலத்தில் எழுதுபவர், அது உண்மையானால் புதையல் சட்டத்தை மீறியதை ஒப்புக்கொள்கிறார்; பொய்யானால் காசும் பொய்யாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ஆகவே ஏலத்தில் கை உயர்த்துமுன் வாங்குபவர் கேட்க வேண்டியவை சில: கிராமில் எடை, விட்டம், இருபுறமும் விளிம்பும் தெரியும் படங்கள், முன்பு யாரிடம் இருந்தது என்ற விவரம், விற்பவரின் உரிமம், போலி என்று தெரிந்தால் திருப்பித் தரும் எழுத்துப்பூர்வமான உறுதி. இவற்றைத் தர மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே பாதுகாப்பு. காசு வந்து சேர்ந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எடையும் அடர்த்தியும் பார்த்துவிட வேண்டும். ஐயம் தீராவிட்டால், அருங்காட்சியகத்தில் உள்ள பதிவுபெற்ற காசுகளோடும் அச்சிட்ட பட்டியல்களோடும் ஒப்பிடலாம். நாணயவியல் சங்கங்களின் கருத்தையும் கேட்கலாம். சராப்பு தம் பலகையில் சில நொடிகளில் முடித்த சோதனை, இணைய ஏலத்தில் இப்படிப் பல கேள்விகளாகவும் பல நாட்களாகவும் நீள்கிறது. வாங்குபவர் அந்தக் காலத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கும்வரையில் போலி விற்பவருக்கு வாய்ப்புக் குறைவு.